ஐந்து நிமிடம் சும்மா இருப்பது

நூற்றைம்பத்து நாலு, கீழே தொண்ணூற்றெட்டு என்று காட்டிவிட்டு பிரஷர் மெஷின் ஒரு பீப் அடித்தது. என் வேலை முடிந்தது, இனி உன் பாடு என்பதுபோல வாயை மூடிக்கொண்டது. வடிவு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணும் அவளைப் பார்த்தது. நூற்றைம்பதைத் தாண்டினால் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு இன்னொரு தடவை பாருங்கள், அப்போதும் தாண்டினால் போன்கூடப் பண்ண வேண்டாம், நேரே வந்து படுத்துவிடுங்கள் என்று டாக்டர் ரெஹானா சிரித்த முகமாகத்தான் சொல்லியிருந்தார். படுப்பது என்றால் கண்காணிப்பு அறை. அங்கே பிள்ளையை உள்ளே விடமாட்டார்கள். பிரசவமான அன்றைக்கே பிரஷர் ஏறி மூன்று நாள் அங்கே கிடந்தபோது, தான் பெற்ற பிள்ளையை அவள் செல்போனில்தான் பார்த்தாள். அதிலும் அம்மாவுக்கு போனைப் பிடிக்கத் தெரியாததால் முக்கால்வாசி நேரம் வீட்டு மின்விசிறியைத்தான் பார்த்தாள். ஃபேன் நல்லா சுத்துதும்மா, பிள்ளையக் காட்டு என்று இவள் கத்த, நர்ஸ் ஓடி வந்து கத்தாதீங்க, பிரஷர் ஏறும் என்று அதைவிடச் சத்தமாகக் கத்தினாள். இப்போது பதினோராவது நாள். பிள்ளை இரண்டடி தூரத்தில் சேலைத் தொட்டிலுக்குள், உரித்த வெள்ளைப்பூண்டு மாதிரி உருண்டு தூங்குகிறது. சுவர்க் கடிகாரத்தில் சாயங்காலம் மணி ஆறு இரண்டு. ஆறு ஏழு வரை சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்கிறவர்கள் யாரும் சும்மா இருந்து பார்த்ததில்லை.

“ஏட்டி வடிவு, எவ்வளவு காட்டுது?” அடுக்களையிலிருந்து அம்மா.

“இன்னும் பாக்கலம்மா,” என்றாள். சொன்ன வாயை மூடுவதற்குள் நெஞ்சுக்குள் திக்கென்றது. பன்னிரண்டு வருஷம் கான்வென்ட்டில் படித்தவள். பொய் சொன்னால் நாக்கில் கறுப்புப் புள்ளி விழும் என்று ஒன்றாம் வகுப்பில் சிஸ்டர் கன்சீலியா சொன்னதிலிருந்து இன்றுவரை பொய் சொன்னதும் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்க்கிற பழக்கம் போகவில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த அன்று, பஜ்ஜி நீ செஞ்சியாம்மா என்று மாமியார் கேட்டதற்கு ஆமா என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய் நாக்கைப் பார்த்திருக்கிறாள். பொய்க்கு எத்தனை புள்ளி பிரஷர் ஏறும்? இரண்டா, மூன்றா? அப்படிப் பார்த்தால் இப்போது நூற்றைம்பத்தேழு ஆகியிருக்கும். வேண்டாம், கணக்குப் போடாதே, மனசை ஓட விடாதே, பிள்ளையைப் பார். பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குகிறது. இறங்கியது. இறங்கியேவிட்டதோ? இல்லை, ஏறுகிறது. ஏறியது. பிள்ளையைப் பார்த்தால் சாந்தி வரும் என்று யார் சொன்னது, பெற்றுப் பார்க்காத ஆளாக இருக்கும்.

இந்த மெஷினை ஓசூரிலிருந்து ஆர்டர் போட்டு அனுப்பியவன் அவள் புருஷன் ஆவுடையப்பன். பேரிங் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறான். நாள் முழுக்க உருளைகளை அளப்பது, அளக்கிற கருவிகளை வேறு கருவிகளால் அளப்பது, இதுதான் அவன் பிழைப்பு. பெண்டாட்டிக்கு பிரஷர் என்றதும் வேறு புருஷனாக இருந்தால் அழுதிருப்பான், சாமிக்கு நேர்ந்திருப்பான். இவன் போனில் அரைமணி நேரம் பாடம் எடுத்தான். “அதுக்குக் காது கிடையாது வடிவு. நர்ஸ் ஸ்டெதஸ்கோப் வச்சு சத்தம் கேக்குறாங்கல்ல, இது அப்படி இல்ல. கையில சுத்துற பட்டையில காத்த அடைச்சு கைக்குப் போற ரத்தத்த நிறுத்திரும். அப்புறம் காத்த மெதுவா விடும். ரத்தம் இடிச்சுக்கிட்டு உள்ள வரும்போது ஒவ்வொரு துடிப்புக்கும் பட்டை லேசா அதிரும். எந்த இடத்துல அதிர்வு ரொம்பப் பெருசோ அதான் நடு அழுத்தம். நிஜமா அது அளக்குறது அந்த ஒண்ணைத்தான்.”

“அப்ப மேல ஒண்ணு கீழ ஒண்ணு காட்டுதே?”

“அது நடுவுல உள்ளத வச்சுப் போடுற கணக்கு.”

“பொய்யா?”

“பொய் இல்லம்மா, கணக்கு. ஒவ்வொரு கம்பெனிக்காரனும் ஒரு கணக்கு வச்சிருக்கான். வெளிய சொல்ல மாட்டான்.”

அன்றைக்கே அவளுக்கு இந்த மெஷின்மேல் மரியாதை போய்விட்டது. வழிமுறை காட்டாமல் விடையை மட்டும் எழுதினால் கணக்கு மிஸ் முட்டைதான் போடுவார். பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதினாயா என்று கேட்பார். இது யாரைப் பார்த்து எழுதுகிறது? உள்ளே ஒரு குட்டிப் பெண் இரட்டைப் பின்னலோடு உட்கார்ந்துகொண்டு, கை அதிர்கிற அதிர்வைத் தொட்டுப் பார்த்து, ஆஹா இவள் ரொம்பப் பயந்தவள், நூற்றைம்பத்து நாலு போடுவோம் என்று எழுதிக்கொண்டிருப்பாள். முன்னே பின்னே மூன்று புள்ளி பிசகலாம், அது எல்லாக் கருவிக்கும் உள்ளது என்றும் அவன் சொல்லியிருந்தான். நூற்றைம்பத்து நாலில் மூன்றைக் கழித்தால் நூற்றைம்பத்தொன்று. கழித்த பிறகும் ஒன்று மிச்சம். இந்த ஒன்றை வைத்துக்கொண்டு பிள்ளையை விட்டுப் போகச் சொல்வார்களா? போய்க் கதவைத் தட்டி, டாக்டர் இந்த ஒரே ஒரு புள்ளியை மன்னித்துவிடக் கூடாதா என்று கேட்டால், முப்பத்துநாலரை எடுத்தவளுக்கு அரை மார்க் போட்டுப் பாஸ் ஆக்குகிற மிஸ் மாதிரி டாக்டர் ரெஹானா சிவப்புப் பேனாவை எடுக்கமாட்டாரா? கூட்டினால் நூற்றைம்பத்தேழு. அந்தப் பக்கம் அவள் போகவே இல்லை.

மணி ஆறு மூன்று. ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கிறது. கடிகாரத்தையும் ஆவுடையப்பனிடம் அனுப்பிச் சோதிக்க வேண்டும்.

கழுத்து வழியாக வியர்வை இறங்கியது. பாளையங்கோட்டை வைகாசி வெயிலில் அவள் ஓசூர்க் குளிருக்கு வாங்கிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, இரண்டு காதிலும் பஞ்சு வைத்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளை பெற்ற உடம்பு பச்சை உடம்பு, காற்று ஏறக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஸ்வெட்டர்க் கையைத் தோள்வரை சுருட்டி ஏற்றி, கயிறு கட்டினதுபோல அது கையைப் பிடித்திருக்க, அதற்குக் கீழேதான் பட்டையைச் சுற்றியிருந்தாள். பட்டை நெருக்கும், ஸ்வெட்டர் நெருக்கும், நடுவில் கை என்னதான் செய்யும். அப்போதுதான் இடது கண் ஓரமாக ஏதோ கறுப்பாகப் பறந்தது. தலைவலி, மேல்வயிற்றில் வலி, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருப்பது, இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் மெஷினைக்கூடப் பார்க்காமல் வந்துவிடுங்கள் என்று தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வந்துவிட்டது. பூச்சி வந்துவிட்டது. அடுத்து வலிப்பு. வலிப்பு வந்தால் நாக்கைக் கடித்துக்கொள்வார்களாம். கறுப்புப் புள்ளி விழுந்த நாக்கு. அதற்குப் பிறகு என்ன, ஆவுடையப்பன் ஒரு வருஷம் தாடி வளர்ப்பான். ஒரு வருஷம் எங்கே, ஆறு மாசம். அவன் அக்கா சும்மா இருக்கமாட்டாள், கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு ஆம்பிளை என்ன செய்வான் என்று ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்துவாள். அவள் இதே மாதிரி ஒரு நாற்காலியில் வந்து, காலை அகட்டி, முதுகைச் சாய்த்து, சாக்குமூட்டை மாதிரி பொத்தென்று உட்காருவாள். கான்வென்ட்டில் படித்தவளாக இருக்கமாட்டாள். அவளுக்கு பிரஷர் நூற்றிப்பத்து இருக்கும். அவள் மடியில் என் பிள்ளை. வடிவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பூச்சி இப்போது வலது கண்ணுக்கு வந்தது.

அம்மா கரண்டியோடு வந்தாள். வந்தவள் கரண்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மகளின் மூக்குக்கு முன்னால் இரண்டு கையையும் சேர்த்துப் படாரென்று ஒரு அடி அடித்தாள். விரித்துப் பார்த்தாள். “எம்மாம் பெரிய கொசுட்டி. பிள்ளையக் கடிச்சிருந்தா என்னத்துக்கு ஆகும்? நீ இங்கன கொலு பொம்ம மாதிரி இருக்க, கொசு மூஞ்சிக்கு முன்னால டான்ஸ் ஆடுது.” கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மெஷினை எட்டிப் பார்த்தாள். நல்லவேளை, எண் அணைந்திருந்தது. “என்னட்டி, பாத்தாச்சா? கொழம்பு இறக்கட்டா? பூண்டுக் கொழம்பு. உப்பு ரொம்பக் கொறச்சுத்தான் போட்ருக்கேன், டாக்டரம்மா சொன்ன மாதிரி. ஒரு கைதான்.”

“ஒரு கையா?”

“சின்னக் கைதாம்ட்டி.”

“எம்மா, அஞ்சு நிமிசம் எங்கூடப் பேசக் கூடாதும்மா. பேசினா ஏறும்.”

“யாரு பேசுதா? நானா பேசுதேன்? நீ கேட்ட, நான் சொன்னேன். இந்தச் சீமையில புள்ள பெத்தவ நீ ஒருத்திதானா? பேசாம இருன்னா பேசாம இருந்துட்டுப் போறேன்,” என்று ஆரம்பித்துப் பேசாமல் இருப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே அம்மா அடுக்களைக்குள் போனாள். கேட்ட கேள்விக்கெல்லாம் வடிவு பதில் சொன்னாள். சொல்லாமல் இருக்க அவளால் முடியாது. பெரியவர்கள் கேட்டால் உடனே, முழு வாக்கியமாக, தலை நிமிர்ந்து பதில் சொல்ல வேண்டும். அந்த மெஷின் முதல் தடவை காற்றை விட்டுக்கொண்டிருந்தபோதுகூட, பால்காரர் வந்தாச்சா என்று அம்மா கேட்டதற்கு, இன்னும் வரவில்லை அம்மா என்று முழு வாக்கியமாகச் சொல்லியிருந்தாள்.

மணி ஆறு நாலு. அடிவயிறு முட்டியது. நாலு மணியிலிருந்தே ஒன்றுக்கு வருகிறது. அளந்துவிட்டுப் போகலாம், அளந்துவிட்டுப் போகலாம் என்று தள்ளிப் போட்டிருந்தாள். இது புதிதல்ல. பாடம் நடக்கும்போது எழுந்து கேட்பது மரியாதைக் குறைவு, இடைவேளை மணி அடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதுதான் ஒழுக்கம் என்று பழகின உடம்பு. பிரசவ வலி எடுத்தபோதுகூட விடிந்து அம்மா எழுந்த பிறகு சொல்லலாம் என்று இரண்டு மணிநேரம் ஓசைப்படாமல் படுத்திருந்தவள்தான். உட்காருவதும் அப்படித்தான். நாற்காலியின் சாய்மானத்துக்கும் முதுகுக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி. சிஸ்டர் கன்சீலியா பின்னாலிருந்து வந்து மர ஸ்கேலை நட்டுக்குத்தலாக அந்த இடைவெளியில் விட்டுப் பார்ப்பார். ஸ்கேல் தடையில்லாமல் இறங்கினால் நல்ல பெண், முதுகில் தட்டினால் சோம்பேறி. கைகள் இரண்டும் மடியில், ஒன்றின்மேல் ஒன்று. கணுக்கால்கள் பின்னிக்கொண்டு நாற்காலிக்கு அடியில். உன்னைப் பார்த்தாலே நீ எந்தப் பள்ளிக்கூடம் என்று தெரிய வேண்டும் என்பார். பத்து வருஷம் கழித்து, தையல் போட்ட உடம்போடு, ஸ்வெட்டருக்குள் வெந்துகொண்டு, வடிவு இந்த நிமிடத்திலும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள். சிஸ்டர் இப்போது வந்து ஸ்கேலை விட்டால் அது தரைவரைக்கும் வழுக்கிக்கொண்டு போகும்.

மனசை எங்கேயாவது மேயவிட வேண்டுமே என்று ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னல் கட்டையில் பிள்ளைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெய்க் குப்பி. குப்பிக்கு அடியில் மெஷினோடு வந்த தாள். அது வந்த அன்றைக்கே, எண்ணெய் வழியாமல் இருக்க அம்மா அதற்குக் கண்டுபிடித்த உபயோகம் இது. எண்ணெய் ஊறி, தாள் கண்ணாடி மாதிரி ஆகி, முன்பக்கத்துப் படமும் பின்பக்கத்துப் படமும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. படத்தில் ஒரு ஆள். வழுக்கைத் தலை, எங்கேயும் எதற்கும் கவலைப்படாத முகம். ஒரு படத்தில் அவன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் படிய, கையை மேஜைமேல் நீட்டிக்கொண்டு கிடக்கிறான். இன்னொன்றில் நிமிர்ந்து, கணுக்காலைப் பின்னி, கையை மடியில் வைத்து அடக்கமாக இருக்கிறான். அந்த அடக்கமான ஆள்மேல் பெரிய பெருக்கல் குறி ஒன்று. ஐந்து நாளாகக் காலையும் மாலையும் அவள் அந்தப் பெருக்கல் குறியைப் பார்த்திருக்கிறாள். எண்ணெயில் ஊறிப் பின்பக்கத்திலிருந்து தெரிகிறது, சாய்ந்து கிடக்கிற சோம்பேறிக்குப் போட வேண்டியது இடம் மாறித் தெரிகிறது என்றுதான் ஐந்து நாளும் நினைத்திருந்தாள். இவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறவனுக்கு யார் தப்புப் போடுவார்கள்?

ஆனால் அந்தப் பெருக்கல் குறி சிவப்பாக இருந்தது. பின்பக்கத்திலிருந்து கசிந்த எழுத்தெல்லாம் மங்கிப்போய்ப் பழுப்பாக இருந்தது. எழுந்து போகாமலே கழுத்தை நீட்டிப் பார்த்தாள். சிவப்பு. முன்பக்கம். நெற்றிப்பொட்டில் யாரோ சுண்டின மாதிரி இருந்தது. ஒரு படத்தில் ஆள் வாயைத் திறந்து பேசுகிறான், பெருக்கல். ஒன்றில் சட்டைக் கையைச் சுருட்டி இறுக்கியிருக்கிறான், பெருக்கல். ஒன்றில் கழிப்பறைக் கதவு, அதற்குச் சரி போட்டிருக்கிறது. ஆண்களுக்கான கழிப்பறை எங்கே இருக்கிறது என்று காட்டுகிறார்கள்போல என்று நினைத்து அதைத் தாண்டிப் போயிருந்தாள். சாய்ந்து கிடக்கிற சோம்பேறிக்குப் பச்சையில் சரி. பெருக்கல் போட்ட படம் ஒவ்வொன்றும் இவள்தான். பன்னிரண்டு வருஷம் நன்னடத்தைப் பரிசு வாங்கினவளை, வழுக்கைத் தலை வைத்து வரைந்து, மேலே தப்புப் போட்டு, அச்சடித்து, ஊர் ஊராக அனுப்பியிருக்கிறார்கள்.

வடிவு கணுக்காலைப் பிரித்தாள். தப்புச் செய்கிற மாதிரிதான் இருந்தது. ஒரு கணம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பாதம் இரண்டையும் தரையில் வைத்தாள். தரை சில்லென்றிருந்தது. பிறகு பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தாள். யாரையும் கேட்கவில்லை, விரலை உயர்த்தவில்லை, நேரே கழிப்பறைக்குப் போனாள். திரும்பி வந்து ஸ்வெட்டரிலிருந்து இடது கையை உருவினாள்.

“காத்து ஏறிரும்ட்டி!” அம்மாவுக்கு அடுக்களைச் சுவர் ஒரு மறைப்பே இல்லை.

வடிவு பதில் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெரியவர்கள் பேசி இவள் பதில் சொல்லவில்லை.

எழுந்து நடந்துவிட்டதால் பழைய ஐந்து நிமிடம் செல்லாது. மறுபடியும் முதலிலிருந்து. மணி ஆறு ஆறு. ஆறு பதினொன்று வரை. இதில் ஏமாற்றக் கூடாது, ஒரு நிமிடம் குறைந்தாலும் அந்த எண் அவளுடையதாக இருக்காது. முதுகைச் சாய்மானத்தில் வைத்தாள். வைக்க முடியவில்லை, தானாக முன்னால் வந்தது. மறுபடி வைத்தாள். நாற்காலியின் பிரம்பு முதுகைத் தொட்டது. இந்த நாற்காலிக்கு முதுகு இருக்கிறது என்பதே இத்தனை வருஷத்தில் இப்போதுதான் தெரிகிறது. வெறும் கையில் பட்டையைச் சுற்றி, நெஞ்சு உயரத்துக்கு மேஜையில் நீட்டி, அடியில் பிள்ளையின் துணிகளை மடித்து முட்டுக்கொடுத்தாள். பயம் போகவில்லை. கால் பின்னினதற்காக மட்டுமா நூற்றைம்பத்து நாலு காட்டியது? பாதி அதனால் என்றாலும் மீதி? மீதி என் ரத்தம்தானே. உட்காரத் தெரியாததை எல்லாம் கழித்த பிறகும் நூற்றைம்பத்தொன்று நின்றால்? அப்போது சாக்குச் சொல்ல எதுவும் இருக்காது. தப்பாக உட்கார்ந்த வரைக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது. இப்போது அதுவும் இல்லை, நானும் இந்த மெஷினும்தான். அந்த இரட்டைப் பின்னல் பெண்ணே, நன்றாகத் தொட்டுப் பார்த்து எழுது, அவசரப்படாதே.

ஆறு பதினொன்று. பொத்தானை அமுக்கினாள். பட்டை ம்ம்ம் என்று மூச்சை இழுத்துப் பருத்தது. கையை இறுக்கிப் பிடித்தது. விரல் நுனி மரத்தது. உச்சிக்குப் போய் நின்றது. பிறகு ஸ்ஸ் என்று விடத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துத் தொட்டிலுக்குள் ஒரு முனகல். முனகல் சிணுங்கலாகி, சிணுங்கல் வீறலாகியது. வடிவின் மார்பு இரண்டும் சுருக்கென்று குத்தி, பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. அசையக் கூடாது. நூற்றெண்பது, நூற்றெழுபது என்று எண் இறங்கிக்கொண்டிருந்தது. “ஏட்டி, புள்ள அழுது!” பேசக் கூடாது. நூற்றறுபது. “என்னட்டி, காதுல பஞ்சா வச்சிருக்க?” ஆமாம், நீதானே வைத்தாய் என்பது தொண்டைவரை வந்தது. விழுங்கினாள். நூற்றைம்பது. பட்டைக்குள் அவளுடைய நாடி இடிப்பது அவளுக்கே தெரிந்தது. பிள்ளை ஒரு அழுகை அழுதால் இது இரண்டு இடி இடித்தது. அம்மா கரண்டியோடு ஓடி வந்து, கல்லுப்பிள்ளையார் மாதிரி சாய்ந்து கிடக்கிற மகளை ஒரு முறை முறைத்துவிட்டுப் பேரனை அள்ளினாள். “இந்தா பாரு ராசா, ஒங்கம்மா கைக்குக் காத்து அடிச்சுட்டு இருக்கா, சைக்கிளு டியூப்புக்கு அடிக்க மாதிரி.” நூற்றிப்பத்து. தொண்ணூறு. ஸ்ஸ்ஸ் என்று மிச்சக் காற்று மொத்தமும் போய்ப் பட்டை தொய்ந்தது. பீப்.

நூற்று முப்பத்தெட்டு. எண்பத்தாறு.

மூன்றைக் கூட்டிப் பார்த்தாள். நூற்று நாற்பத்தொன்று. இன்னும் ஒரு மூன்றைக் கூட்டினாள், ஆவுடையப்பனுக்குத் தெரியாமல். நூற்று நாற்பத்து நாலு. அத்தனை கூட்டியும் அவள் பிள்ளையோடு வீட்டில்தான்.

“என்னட்டி சொல்லுது?”

“போக வேண்டாம்னு சொல்லுதும்மா.”

அம்மா சட்டென்று திரும்பிக்கொண்டாள். கரண்டி பிடித்த கையாலேயே கண்ணைத் துடைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “பின்ன போவியா? நான் அப்பவே சொன்னேம்லா, மெஷினுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு,” என்றாள். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. வடிவு அவள் நாக்கைப் பார்க்கவில்லை.

பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் பிரஷர் நோட்டைத் திறந்தாள். நூற்று முப்பத்தெட்டை மட்டும் எழுதினால் டாக்டருக்குத் தெரியவா போகிறது. பேனா கொஞ்சநேரம் கட்டத்துக்கு மேலே நின்றது. பிறகு, 6.02: 154/98 என்று எழுதி, குறிப்பு என்ற இடத்தில், கால் பின்னியிருந்தது, பேசினேன், ஒன்றுக்குப் போகவில்லை என்று ஒப்புக்கொண்டாள். அடுத்த வரியில் 6.11: 138/86. குறிப்பு: சோம்பேறி மாதிரி உட்கார்ந்தேன்.

பிள்ளை சப்பிக் குடிக்கிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. குடித்துக்கொண்டே அவன் துணிக்குள்ளிருந்து காலை வெளியே நீட்டினான். சுண்டுவிரல் நீளத்துக்கு இரண்டு பாதம். நிதானமாக, யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி, ஒரு கணுக்காலைத் தூக்கி இன்னொன்றின்மேல் போட்டுப் பின்னிக்கொண்டான். வடிவு மெதுவாகப் பிரித்துவிட்டாள். அவன் மறுபடி பின்னினான். மறுபடி பிரித்தாள். இந்தத் தடவை குடிப்பதை நிறுத்திவிட்டு, நெற்றியைச் சுருக்கி அவளை ஒரு பார்வை பார்த்தான், சிஸ்டர் கன்சீலியாவேதான். பார்த்துவிட்டு மறுபடியும் பின்னிக்கொண்டு குடிக்கப் போனான். இருக்கட்டும் என்று விட்டுவிட்டு அவள் நாற்காலியில் சாய்ந்தாள்.